பட்டன் கிழிக்காத நாற்காலி

கைகள் அவசரப்படவில்லை. தட்டையான உளியை ரெக்சினுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே நுழைத்து, பிடியில் சுத்தியலால் ஒரு சின்னத் தட்டு. ஆணி பாதி எழுந்ததும் உளியைச் சாய்த்து ஒரு நெம்பு. வந்த ஆணியைக் கை தானாக வாய்க்குக் கொண்டுபோயிற்று. வளையாத ஆணி என்றால் உதட்டிடுக்கில், வளைந்தது என்றால் தரையில் இருந்த டப்பாவில். சட்டத்தின் நான்கு பக்கமும் சுற்றி முடித்தபோது உதடுகளுக்கு இடையே பதினேழு ஆணிகள் இருந்தன.

ரெக்சின் கருநீலம். முன்பக்க வலது மூலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கைகள் அதைப் பின்னுக்கு மடித்தன. கீழே ஸ்பாஞ்சு. கிழிசலுக்கு நேர் கீழே ஸ்பாஞ்சிலும் ஓர் ஓட்டை இருந்தது. நாய் கடித்த ஸ்பாஞ்சு மேலே அகலமாகப் பிய்ந்து, கீழே போகப் போகக் குறுகும். இது தலைகீழாக இருந்தது. அடியில் நான்கு விரல் அகலம் நசுங்கிப் பிய்ந்து, மேலே வரும்போது ஒரு பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஸ்பாஞ்சைத் தூக்கியதும் கோணித்துணி. அதைத் துளைத்துக்கொண்டு ஒரு கம்பி முனை, ஓர் அங்குலத்துக்குக் குறையாமல், மேலே பார்த்து நின்றது.

கைகள் நின்றுவிட்டன.

நாற்காலிக்குள் இருக்கும் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் எட்டுத் திசையிலும் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டவேண்டும். ஒவ்வொரு கட்டிலும் கயிறு கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி வரவேண்டும். ஒரு சுற்றோடு விட்டால் பாரம் ஏறும்போது நழுவும். இந்த மூலை ஸ்பிரிங்கில் ஒரு சுற்றுத்தான் இருந்தது. கட்டு நழுவி, ஸ்பிரிங் சாய்ந்து, அதன் மேல்வளையத்தின் முனை செங்குத்தாக எழுந்துவிட்டது. இடத்தை மிச்சம் பிடிக்க அந்த நாற்காலியின் மேல் இன்னொரு நாற்காலி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பாரத்தில் ரெக்சின் கம்பியின்மேல் அழுந்தியிருக்கிறது. இழுத்து அடித்த ரெக்சினில் ஓர் ஓட்டை விழுந்தால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கட்டியது வேறு யாருமில்லை. அந்தப் பட்டறையில் கட்டுவதற்கு வேறு ஆளே கிடையாது.

நாயை அனுப்பி அன்றைக்கு மூன்று நாள் ஆகியிருந்தது.

தெருவில் அவரை ஆணிவாயர் என்பார்கள். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, ஆனால் வழி கேட்பவர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லித்தான் வீட்டைக் காட்டுவார்கள். சோபா தைப்பவர்கள் பலரும் ஆணியை வாயில் வைத்துக்கொள்வது உண்டு. நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, தலை முன்னே வரும்படி உதட்டில் நிறுத்துவார்கள். காந்தம் பதித்த சுத்தியலை வாயருகே கொண்டுபோனால் ஆணி ஒட்டிக்கொண்டு வரும். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க, ஒரு கை அடிக்கும். மூன்றாவது கை இல்லாத குறையை வாய் தீர்த்து வைக்கும். இவர் முப்பத்தொரு வருடமாக அப்படி வைத்திருக்கிறார். ஒரே நேரத்தில் நாற்பது ஆணி வரை வாயில் வைப்பார் என்று பேச்சு உண்டு. அவரைக் கேட்டால் "ம்" என்பார். அது ஆமாமா, இல்லையா என்று கேட்டவருக்குத் தெரியாது.

இந்த வேலையை அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்தொன்பது வயதில் ஒரு பெரிய பட்டறையில் பழைய சோபாக்களைப் பிரித்துப்போடும் ஆளாகச் சேர்ந்தார். பிரிப்பவருக்குக் கூலி குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு. ஆனால் தைப்பவர்கள் எல்லாரும் மேல்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இவர் உள்பக்கத்தைப் பார்த்தார். எந்தப் பட்டறையில் ஸ்பிரிங்கைத் தாங்கும் நாடாவை இடைவெளி விட்டு அடித்திருக்கிறார்கள், எவர் நான்கு கயிறு கட்டிவிட்டு எட்டு என்று சொல்லியிருக்கிறார், எவர் யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆளைப் பார்க்காமலே ஆளை எடை போடக் கற்றுக்கொண்டார். ஆறு வருடம் கழித்துத் தனியாகத் தொழில் தொடங்கியபோது அவர் சொல்லிக்கொண்டது ஒன்றே ஒன்று: என் கட்டு அவிழாது. அது விளம்பரம் அல்ல, உண்மை. இந்த நாற்காலி வரைக்கும்.

முப்பத்தொரு வருடம் உதட்டை இறுக்கி வைத்தால் அது இறுகியபடியே நின்றுவிடும்போல. கல்யாணப் போட்டோவில் பெண் சிரிக்கிறாள், மாப்பிள்ளை ஏதோ விழுங்கக் காத்திருப்பவர்போல நிற்கிறார். பக்கத்து வீட்டுக்காரியிடம் அவர் மனைவி சொல்வது வழக்கம்: பசித்தால் ஒரு ம், போதும் என்றால் குட்டையாக ஒரு ம், கோபம் என்றால் இரண்டு ம், இந்த வீட்டில் அகராதி வைத்துத்தான் குடித்தனம் நடக்கிறது. மனைவிக்கு அகராதி இருந்தது. மகள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள், அவளும் சமாளித்துக்கொண்டாள்.

நான்கு வருடத்துக்கு முன் மகள் ஒரு நாய்க்குட்டியைத் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்தாள். மருந்துக் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. கடைக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே கிடந்ததாம். மண்ணிறம், ஒரு காது மடங்கியது. மூக்கு சோபாவில் வைக்கும் பட்டனைப்போல வட்டமாக, கறுப்பாக இருந்ததால் பட்டன் என்று பெயர் வந்தது. பெயர் வைத்தவரே அவர்தான். அதை மகள் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

அவருக்கு நாயைப் பிடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது. மிச்சமான ஸ்பாஞ்சில் அதற்குப் படுக்கை தைத்தார். மழைக்காலத்தில் பட்டறைக்குள் படுக்கவிட்டார். பட்டறை வீட்டின் பின்பக்கம் ஒட்டினாற்போல இருந்தது. நடுவில் ஒரு கதவுதான். சாயங்காலம் வேலை முடிந்து அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார். முதல் வேலையாக நாய்க்கு நேர் எதிரே போய் நின்று, அதன்மேல் குனிந்து, கண்ணுக்குக் கண் பார்ப்பார். பிள்ளைகளை அப்படிப் பார்த்தால்தான் பாசம் என்று அவர் நினைத்திருந்தார். பிறகு உச்சந்தலையில் இரண்டு தட்டு. சுத்தியல் பிடித்த கை, தட்டு என்றால் தட்டுத்தான்.

பட்டன் காதைப் பின்னுக்கு ஒட்டவைத்துக்கொள்ளும். முகத்தை ஒரு பக்கம் திருப்பி, உதட்டை நக்கிக்கொள்ளும். வாலைக் காலுக்கு இடையே செருகிக்கொண்டு வயிறு தரையில் படும்படி தாழ்ந்துவிடும். கண்ணில் வெள்ளை தெரியும்.

"என்னமோ பண்ணியிருக்கு," என்பார் அவர். அது ஆணி இல்லாத நேரம் என்பதால் முழு வாக்கியமாக வரும்.

உடனே தேடத் தொடங்குவார். நாய் இருக்கும் வீட்டில் தேடினால் ஏதாவது கிடைக்காமல் போகாது. ஓரம் கடித்த செருப்பு, இழுத்துப்போட்ட கால்மிதி, கவிழ்ந்த தண்ணீர்க் கிண்ணம். காலையில் நடந்ததாக இருக்கும், முந்தாநாள் நடந்ததாகவும் இருக்கும். அதைக் கொண்டுவந்து நாயின் மூக்குக்கு முன்னால் நீட்டி இரண்டு ம் போடுவார். நாய் இன்னும் தாழும். "பாத்தியா, தெரியுது அதுக்கு" என்பார் மகளிடம். மறுநாள் அவர் கதவைத் தள்ளும் ஓசை கேட்டதுமே நாய் தாழ்ந்துவிடும். தாழ்ந்ததைப் பார்த்து அவர் தேடுவார். நான்கு வருடம் இப்படிப் போயிற்று.

மகள் சொல்லாமல் இல்லை. அது தப்பு செய்ததால் அப்படி நிற்கவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் நிற்கிறது என்று எத்தனையோ முறை சொன்னாள். நாய் கடித்த சோபா எல்லாம் யாரிடம் வருகிறது, உன்னிடமா என்னிடமா என்று ஒரு முறை கேட்டார். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

அது உண்மைதான். கடிபட்ட சோபாக்கள் அவரிடம்தான் வந்தன. கொண்டுவருபவர்கள் நாயைத் திட்டிக்கொண்டே வருவார்கள். அவரும் ஒரு நிபுணரைப்போல ஆணிகளை டப்பாவில் துப்பிவிட்டுச் சொல்வார்: நாய்க்குத் தெரியும், முகத்திலேயே எழுதியிருக்கும், கிழித்த இடத்தில் மூக்கை வைத்துத் தேய்த்து நாலு போடுங்கள். ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் அப்படியே செய்துவிட்டு, இப்போது ரொம்ப அடக்கமாக இருக்கிறது, என்னைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது என்று வந்து நன்றி சொன்னார். அன்றைக்கு அவருக்குப் பெருமையாக இருந்தது.

பல் டாக்டரம்மாவின் நாற்காலிகள் பன்னிரண்டு. அவருடைய அப்பா காலத்துச் சாமான், கனமான மரம், ஸ்பிரிங் வைத்த இருக்கை. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் போடுவதற்கு. ஐந்தைத் தைத்துக் கொடுத்தாகிவிட்டது. ஆறாவதைத் தைத்து முடித்து, கைபடாத ஒன்றை அதன் மேல் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்தார். காலையில் மேலே இருந்ததை இறக்கினார். கீழே இருந்தது கிழிந்திருந்தது. ஸ்பாஞ்சுத் துகள் கொஞ்சம் தரையில் கிடந்தது. மூலையில் தன் படுக்கையில் கிடந்த பட்டன் தலையைத் தூக்கியது.

அவர் திரும்பிப் பார்த்தார். நாய் காதை மடக்கி, முகத்தைத் திருப்பி, தரையோடு தரையாகிவிட்டது.

அவருக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. மேலே ஒரு நாற்காலி கவிழ்ந்து கிடந்தபோது அந்த இருக்கையில் நாய் எப்படி வாய் வைத்திருக்கும் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த நாற்காலியை இறக்கியது அவருடைய இதே இரண்டு கைகள்தான்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு வாரம் தாமதமாகும் என்று சொல்லவேண்டியிருந்தது. காத்திருக்கும் அறையில் கன்னம் வீங்கியவர்கள் நாலைந்து பேர். அவர்களுக்கு நடுவே நின்று நாயின் முழியை நடித்துக் காட்டினார். எப்போதும் பேசாத மனிதர் பேசினார், அதுவும் நகைச்சுவையாக. சீட்டுக் கொடுக்கும் அம்மா சிரித்தார். கன்னத்தைப் பிடித்தபடி ஒருவர் வலியோடு சிரித்தார். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. நாய் அங்கே இருந்தால் மீதி நாற்காலிகளை வேறு இடத்தில் கொடுத்துக்கொள்கிறேன் என்றார். இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் என்றார் அவர்.

அவர் மனைவியின் தம்பி மரக்கிடங்கு ஒன்றில் காவலாள். கிடங்கு நான்கு மைல் தள்ளி. சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து நாயைக் கால் வைக்கும் இடத்தில் உட்கார வைத்துக்கொண்டு போனார். பட்டன் முரண்டு பிடிக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, போகும்வரை அவர் நின்ற பக்கம் திரும்பாமலே இருந்தது. பார், குற்றம் செய்த நெஞ்சு எப்படிக் குறுகுறுக்கிறது என்று மனைவியிடம் சொன்னார். மகள் அங்கேயே நின்றிருந்தாள். அன்றிலிருந்து அவருக்குத் தேநீரைக் கையில் கொடுப்பதில்லை. மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

இப்போது கம்பி முனை அவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

வாயில் இருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். பட்டறைக் கதவைப் பார்த்தார், மூடியிருந்தது. அதை அவர் ஏன் பார்த்தார் என்பது அவருக்கே தெரிந்துதான் இருந்தது. கத்தியை எடுத்துக் கட்டை அறுத்தார். ஸ்பிரிங்கை நிமிர்த்தி, புதுக் கயிற்றால் எட்டுத் திசையும் இழுத்துக் கட்டினார். இரண்டு சுற்று, ஒவ்வொன்றும். கோணியில் ஒட்டுத் துணி வைத்துத் தைத்தார். ஒரு மணி நேரத்தில் தப்பு இருந்த இடமே தெரியவில்லை. இனி யார் பிரித்தாலும் ஒழுங்கான ஆள் கட்டியது என்றுதான் சொல்வார்கள்.

பழைய கயிற்றுத் துண்டைக் குப்பையில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து அடுப்பில் போட்டார்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. வேலையும் ஓடவில்லை. அந்தக் கடைசிச் சுற்றை ஏன் விட்டோம் என்று யோசித்தார். மின்சாரம் போகவில்லை, உடம்பு சரியில்லாமல் இல்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. கை விட்டுவிட்டது, அவ்வளவுதான். அதற்கு ஒரு காரணம் கிடைத்திருந்தால் தேவலை என்றிருந்தது. கிடைக்கவில்லை. கிடைக்காத இடத்தில்தான் நாயை நிறுத்தியிருந்தார்.

மூன்றாம் நாள் விடுமுறை. ஆணி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மரக்கிடங்குக்குப் போனார். கடைகள் மூடியிருக்கும் நாள் என்று மனைவி சொல்லவில்லை.

கிடங்கின் இரும்புக் கதவு வழியாக முதலில் பார்த்தார். மைத்துனர் ஒரு மரக்கட்டையின்மேல் பக்கவாட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பட்டன் ஒரு மரச் சிராயைக் கவ்விக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமலே கையை மட்டும் கீழே தொங்கவிட்டிருந்தார். நாய் வந்து சிராயை அந்தக் கையில் வைத்தது. மறுபடி பிடுங்கிக்கொண்டு ஓடியது. மடங்கிய காதுகூட எழுந்து நின்றது. அந்தக் காது எழும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கதவைத் தள்ளினார். நாய் நின்றது. சிராய் வாயிலிருந்து விழுந்தது. காது பின்னுக்குப் போயிற்று, வால் உள்ளே போயிற்று, முகம் பக்கவாட்டில் திரும்பியது, நாக்கு உதட்டை நக்கியது. வயிறு மரத்தூளில் படியத் தாழ்ந்து, பட்டன் இருந்த இடத்தில் ஈரம் பரவியது.

மைத்துனர் பேப்பரை மடித்தார். அக்கா கணவர் என்பதால் எப்போதும் எழுந்து நிற்பவர், அன்றைக்கு எழவில்லை.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன். இங்க வந்து இது என்ன தப்பு பண்ணிச்சு?"

அவர் தன் பின்னால் கதவைச் சாத்தினார்.

"ஒரு செருப்புக் கடிக்கல. ஒண்ணும் பண்ணல. அஞ்சு நாளா எங்கூடதான் இருக்கு. ஆனா உங்களப் பாத்ததும் அதே மூஞ்சி. அப்ப எதுக்கு இந்த மூஞ்சி?"

"ம்."

"இந்த 'ம்'முதான். அதுக்கு உறுமுற மாதிரி இருக்கும். வாயில ஆணி இருந்தாலும் இல்லாட்டியும் உங்களுக்கு ஒரே மூஞ்சி மச்சான். கல்யாணத்துக்கு மொதநாள் உங்களப் பாத்துட்டு, அக்காவ வேணாம்னு சொல்ல வந்திருக்காருன்னு நெனச்சேன்."

அவர் எதிரே கிடந்த கட்டையில் உட்கார்ந்தார். நாய் இன்னும் எழவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அதப் பாக்காதீங்க," என்றார் மைத்துனர். "நீங்க பாக்கற வரைக்கும் அது எந்திரிக்காது."

பார்வையை எடுக்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது. சுவரோரம் அடுக்கியிருந்த பலகைகளைப் பார்த்தார். பலகைகளைப் பார்த்தபடியே, கயிறு, சுற்று, கம்பி முனை எல்லாவற்றையும் சொன்னார். அடுப்பில் போட்டதையும் சொன்னார். சொல்லி முடித்தபோது மைத்துனர் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தார். கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மைத்துனர் சொன்னது, இதை என்னிடம் சொல்லி என்ன பயன் என்பதுதான். நான் அன்றைக்கே நம்பவில்லை, நம்பியவர்களிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார்.

மறுபடி பேப்பரை விரித்தார். முதுகுக்குப் பின்னால் மரத்தூளில் நகங்களின் ஓசை கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. இடுப்புக்குப் பின்னால், சட்டையில் ஒட்டியிருந்த கோணி வாசனையை ஒரு மூக்கு முகர்ந்தது. அவர் அசையவில்லை. திரும்பி அதன் தலையைத் தட்டவேண்டும் என்று கை துடித்தது. அதே தட்டு, அதே கை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மூக்கு விலகிப் போயிற்று. அன்றைக்கு அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார். மேசையில் தேநீரை வைத்துவிட்டுத் திரும்பியவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள். மனைவி உள்ளே பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஆணியைப் பிடுங்குவதுபோல ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"நான் எத்தன தடவ சொன்னேன்பா," என்றாள் மகள்.

"சொன்னே."

"நீங்க கிட்ட வந்தாலே அது கெஞ்சும். அடிக்காதீங்கன்னு கெஞ்சும். அது கெஞ்சக் கெஞ்ச நீங்க தப்புத் தேடுவீங்க."

அவர் தேநீர்க் கோப்பையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சல் என்ற சொல்லை அவர் யோசித்ததே இல்லை. அத்தனை சாயங்காலமும் அது கேட்டது மன்னிப்புக்கூட இல்லை. என்னை விட்டுவிடு என்பதைத்தான் கேட்டிருக்கிறது. அதை ஒப்புதல் வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டு அவர் தண்டனை கொடுத்திருக்கிறார். ஆசிரியர் வீட்டு நாய் ஞாபகத்துக்கு வந்தது. கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறதாம். அந்த வீட்டு வாசலில் போய் நின்று இப்போது எதைச் சொல்வது? அந்த ஒரு வீடுதானா? விரல் விட்டு எண்ணத் தொடங்கி, ஏழோடு நிறுத்திக்கொண்டார்.

"நாளைக்கு மாமாகிட்ட பட்டனக் கூட்டிட்டு வரச் சொல்லட்டுமா?" என்றார்.

"டாக்டர்கிட்ட சொல்லுவீங்களா?"

பதில் வர நேரமாயிற்று. அந்த நேரமே அவளுக்குப் பதிலாகப் போயிற்று.

"அப்ப வேணாம். உங்க பேரு கெடக் கூடாதுன்னா பட்டன் மாமாகிட்டயே இருக்கட்டும். இங்க வந்து திருடன் மாதிரி பொழைக்க வேணாம்."

அவள் உள்ளே போய்விட்டாள். மனைவி மறுபடி பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள். அவர் பக்கம் பேச அன்றைக்கு அந்த வீட்டில் ஆளில்லை.

மறுநாள் காலை புது ரெக்சினை வெட்டி எடுத்துக்கொண்டு நாற்காலியை முடிக்க உட்கார்ந்தார். ஆணிகளை ஒரு தட்டில் கொட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வாயில் வைக்காமல் அடித்துப் பார்க்கலாம் என்றிருந்தது. துணியை ஒரு கையால் இழுத்து, சுத்தியலைக் கீழே வைத்து, ஆணியை எடுத்து, சுத்தியலை எடுப்பதற்குள் துணி தளர்ந்துவிட்டது. பத்து ஆணிக்கு இரண்டு முறை விரலில் அடி. அரை மணி நேரத்தில் கை தானாக நாலு ஆணியை வாயில் போட்டுவிட்டது. துப்பினார். மறுபடி போட்டது. முப்பத்தொரு வருடத்துப் பழக்கம் ஒரு காலைப்பொழுதில் போய்விடும் என்று அவரும் நினைக்கவில்லை. வேலை நடக்கட்டும் என்று விட்டுவிட்டார். பட்டறையை விட்டுப் போகும்போது துப்பிவிட்டுப் போகவேண்டும், உதட்டையும் சேர்த்துத் தளர்த்திக்கொண்டு போகவேண்டும். அதையாவது செய்யலாம்.

மூலை மடிப்பை மூன்று முறை பிரித்து மடித்தார். ஓரத்து நாடாவை ஒட்டி ஆணித்தலைகள் ஒரே கோட்டில் வரவேண்டும், வந்தன. கம்பி வந்த மூலையில் உள்ளங்கையை வைத்து முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினார். பத்து முறை அழுத்தினார். உட்கார்ந்து எழுந்தார். பிறகு நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார். வண்டி வைத்தால் சீக்கிரம் போய்விடலாம். சீக்கிரம் போக அவருக்கு விருப்பமில்லை.

காத்திருக்கும் அறையில் ஆறு பேர். அவர் தைத்துக்கொடுத்த ஐந்து நாற்காலிகளிலும் ஆள் இருந்தது. ஒருவர் ஸ்டூலில். சீட்டுக் கொடுக்கும் அம்மா அவரைப் பார்த்ததுமே சிரித்தார், நாய் எப்படி இருக்கிறது, இன்னும் முழிக்கிறதா என்று கேட்டார். அன்றைக்கு அவரே தொடங்கிவைத்த சிரிப்பு அது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். நாற்காலியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு ஆணிவாயர் இரண்டு கையாலும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டார். அறைக்குள் போய்ச் சொல்லலாம். டாக்டரம்மா கதவைத் திறந்துகூட வைத்தார். ஆனால் நாயைப் பற்றிச் சொன்னது இந்த இடத்தில், இத்தனை பேர் நடுவில்.

"டாக்டரம்மா, இத நாய் கிழிக்கல."

சீட்டுக் கொடுக்கும் அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"உள்ள ஸ்பிரிங் கட்டு நழுவிடுச்சு. கம்பி குத்திக் கிழிஞ்சிருக்கு. கட்டினது நான். நாய் மேல பழியப் போட்டு, இங்க வந்து சிரிக்க வெச்சேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா படுத்திருந்துச்சு."

ஐந்து நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்த பெரியவர் மெதுவாக எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். கையால் தடவினார். பிறகு உட்காராமல் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணும் எழுந்தாள்.

"அப்ப ஏற்கெனவே குடுத்த அஞ்சு?" என்றார் டாக்டரம்மா.

"பிரிச்சுப் பாக்கணும். ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு மறுபடி தெச்சுத் தர்றேன். நல்லாத்தான் இருக்கும். ஆனா அத நான் சொல்லக் கூடாது இப்ப."

டாக்டரம்மா கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்தார். தொழில் பழக்கமாகவும் இருக்கலாம்.

"நாய் எங்க?"

"மச்சான்கிட்ட இருக்கு. நீங்க சரின்னா கூட்டிட்டு வரணும். வருமான்னு தெரியல. எம்மேல அதுக்கு பயம்."

"கூட்டிட்டு வாங்க. நாற்காலிக்கும் அதுக்கும் இப்ப என்ன இருக்கு?"

பாவம், வாயில்லாத ஜீவன் என்று சீட்டுக் கொடுக்கும் அம்மா மேசையைப் பார்த்துச் சொன்னார். அது தனக்கு என்று ஆணிவாயர் வாங்கிக்கொண்டார்.

பிறகு நாற்காலியை மறுபடி தூக்கினார். முன்பக்க வலது மூலை டாக்டரம்மாவின் பக்கம் வரும்படி திருப்பி வைத்து, எந்த இடத்தில் அழுத்திப் பார்க்கவேண்டும் என்று விரலால் காட்டினார்.